வெள்ளை அங்கியும் மஞ்சள் நீரும்

அமெரிக்க தேசத்தின் பல நகரங்களில் ஆண்டுதோறும் ஒரு நடன விருந்து நடைபெறுகிறது. 'கோட்டிலியன்' என்று அதற்குப் பெயர். பதினேழு பதினெட்டு வயதுப் பெண்கள் வெண்ணிற அங்கி தரித்து, முழங்கை வரையில் வெள்ளைக் கையுறை அணிந்து, தகப்பனாரின் கையைப் பற்றிக்கொண்டு மண்டபத்தினுள் நடந்து வருவார்கள். பெயர் வாசிக்கப்பட்டதும் ஒவ்வொருத்தியும் சபையை நோக்கி முழங்கால் தாழ்த்தி வணங்குவாள். அப்புறம் நடனம், விருந்து.

"இந்த ஆடம்பரத்தில் கடலூர்க்காரருக்கும் சிதம்பரத்தாருக்கும் என்ன வேலை?" என்று நேயர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது.

கோட்டிலியன் என்பது பிரெஞ்சுக்காரர் ஆடிய பழைய நடனம். உள்பாவாடையைக் குறிக்கும் சொல்லே நடனத்துக்கும் பெயராயிற்று. ஆங்கிலப் பிரபுக்களோ தம் பெண்களை அரசர் முன் கொண்டுபோய் நிறுத்தி வணங்கச் செய்தார்கள். 1958-ம் வருஷம் வரையில் அந்த வழக்கம் நீடித்தது. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: "எங்கள் வீட்டில் பெண் இருக்கிறாள், கல்யாணத்துக்குத் தயார்." நம்முடைய மஞ்சள் நீராட்டு விழாவும் வேறென்ன சொல்கிறது? பந்தல், ஒலிபெருக்கி, தாய்மாமன் சீர், வாசலில் மொய் எழுதும் நோட்டு. இப்போது தெரு முனையில் பெண்ணின் படம் போட்ட ஆளுயரத் தட்டி வேறு. அந்தக் குழந்தைக்கு அன்று ஏற்படும் கூச்சத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஆனால் அமெரிக்கக் கறுப்பின மாதர்கள் இந்தச் சடங்கை வாங்கி வேறொன்றாக்கினார்கள். வெள்ளையர் மண்டபங்களில் அவர்களுக்கு இடமில்லை. வாஷிங்டன் நகரின் ஹோவர்டு சர்வகலாசாலையில் 1908-ல் 'ஆல்பா காப்பா ஆல்பா' என்ற சகோதரி சங்கமும், 1913-ல் 'டெல்டா சிக்மா தீட்டா' என்ற சங்கமும் தோன்றின. பின்னது தோன்றிய சில வாரங்களிலேயே பெண்களின் வாக்குரிமைக்காக நடந்த பெரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டது. இத்தகைய சங்கங்களின் ஊர்க் கிளைகள் பலவும் கோட்டிலியனைக் கல்வி நிதிக்கான விழாவாக நடத்துகின்றன. பெண்ணும் அவள் குடும்பத்தாரும் டிக்கெட் விற்று, மலருக்கு விளம்பரம் சேர்ப்பார்கள். சேரும் பணம் கல்லூரிக்குப் போகும். விழாவுக்குப் பல மாதம் முன்பே, வைத்தியராகவும் வக்கீலாகவும் ஆசிரியையாகவும் உள்ள மூத்த மாதர்கள் பெண்களைக் கூட்டி வைத்து, சபையில் பேசவும், பணத்தைக் கணக்காகச் செலவிடவும், கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதவும் பழக்குவார்கள். துளசேந்திரபுரத்துப் பாட்டனாரின் பேத்தியான கமலா ஹாரிஸும் ஹோவர்டில் படித்த நாளில் ஆல்பா காப்பா ஆல்பாவில் சேர்ந்தவரே.

அங்கிக்கும் கையுறைக்கும் ஆகும் செலவு நமக்கு உவப்பானதல்ல; ஏழை வீட்டுப் பெண் அந்தச் செலவைக் கண்டே ஒதுங்கிவிடக்கூடும். நமக்கு உவப்பானது பெண்ணின் பின்னால் நிற்கும் அந்த மூத்த மாது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒரு மாறுதல் நடந்திருக்கிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் 1989-ல் ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதி உதவி ஏற்பட்டது. பிற்பாடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அதே பெயரைத் தாங்கிய திட்டம் கல்விக்குத் திருப்பப்பட்டு, 'புதுமைப் பெண்' ஆயிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையில் அரசுப் பள்ளியில் படித்த பெண் மேற்படிப்பை முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே விழும். தங்கம் நின்றுபோயிற்றே என்று வருந்திய தாய்மாரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பெண்ணைக் கரையேற்றும் கவலை அவர்களுடையது. என்றாலும் தாலியாய் வந்த பொன் கணவன் வீட்டுக்குப் போயிற்று. இந்தப் பணம் பெண்ணின் கைக்கு வருகிறது.

இந்த ஜில்லாவுக்கு இது புதிதுமல்ல. சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஜனங்களின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட வாசல் திறந்தது. நந்தனார் பெயரால் அங்கே பெண்களுக்கும் பள்ளி உண்டு. கடலூர் முதுநகரின் அஞ்சலையம்மாள், 1927-ல் சென்னையில் நீலன் சிலைச் சத்தியாக்கிரகத்துக்குச் சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துச் சென்றவர். சிறைக்குப் போன அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயரிட்டு, வார்தா ஆசிரமத்தில் வளர்த்தவர் மகாத்மா காந்தி. உதவித் தொகை பற்றி யாரும் பேசாத காலம் அது. ஒரு பெரியவர் பொறுப்பேற்றார், பெண் வளர்ந்தாள்.

இன்று தொகை வருகிறது, பொறுப்பேற்பவர்தான் குறைவு. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வீட்டிலேயே முதல்முதலாகக் கல்லூரிக்குப் புறப்படும் பெண்ணுக்கு எந்தப் பாடத்தை எடுப்பது என்று யார் சொல்வார்? சாதிச் சான்றிதழுக்கு எங்கே போவது, விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் யாரிடம் பேசுவது? இதெல்லாம் தெரியாமலே எத்தனையோ பெண்கள் விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவற விட்டுவிடுகிறார்கள். அடுத்த தை மாதம் கல்யாணப் பத்திரிகை வருகிறது.

அண்ணாமலைநகரில் சர்வகலாசாலை 1929 முதல் இருக்கிறது. அங்கே உழைத்து ஓய்வு பெற்ற பேராசிரியைகளும், கடலூரில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியைகளும் நமது வாசகிகளிலேயே பலர் இருக்கக்கூடும். ஆளுக்கு இரண்டு பெண்கள் என்று ஏற்றுக்கொண்டால் மண்டபமும் வேண்டாம், வெள்ளை அங்கியும் வேண்டாம். தாய்மாமன்மாருக்கும் ஒரு விண்ணப்பம்: சீர்த்தட்டு எடுக்கும் அன்று மொய் நோட்டில் ஒரு பக்கத்தைப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி, அதில் முதல் பெயராகத் தம் பெயரை எழுதலாம். பிளஸ் டூ முடிவுகள் சாதாரணமாக மே மாதத்தில் வருகின்றன.