இடமறி கருவி: தேர்வும் பயனும்

திருவேங்கடம் என்ற பெயரைக் கேட்டவுடன் பலர் நினைவில் தோன்றுவது திருப்பதி மலையே ஆகும். தமிழகத்தின் வட எல்லையாக முற்காலத்தில் கூறப்பட்ட வேங்கடம் அதுவே. ஆனால் தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கரிசல் நிலத்தின் நடுவே அதே பெயரைத் தாங்கிய பேரூர் ஒன்று இருக்கிறது. இவ்விரு திருவேங்கடங்களுக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. பெயரை மட்டும் சொல்லி வழி கேட்கும் வெளியூரார் ஒருவர் எந்தத் திருவேங்கடத்திற்குப் போய்ச் சேருவார்?

ஊர்ப்பெயரில் இத்தகைய ஐயம் எழலாம், எண்ணில் எழாது. வடக்கே ஏறத்தாழ 9¼ டிகிரி, கிழக்கே ஏறத்தாழ 77⅔ டிகிரி என்றால் அது சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடமே. வடக்கே 13⅔ டிகிரி, கிழக்கே 79⅓ டிகிரி என்றால் அது திருமலை. முன்னைய எண் அட்சரேகையையும், பின்னைய எண் தீர்க்கரேகையையும் குறிக்கும். உலகில் ஒவ்வோர் இடத்திற்கும் இவ்வாறு இரண்டு எண்கள் உண்டு. நாம் நிற்கும் இடத்தின் எண்களை நொடிப்பொழுதில் அறிவிப்பதே ஜி.பி.எஸ். எனப்படும் இடமறி கருவி.

பாதயாத்திரை செல்வோர், மலைக்கோயில்களுக்கு ஏறுவோர், அருவிகளைக் காணச் செல்வோர், அயல் மாவட்டச் சந்தைகளுக்கு வாகனம் ஓட்டிச் செல்வோர் ஆகிய அனைவருக்கும் இக்கருவி இன்று எட்டும் நிலையில் உள்ளது. பெரும்பாலோர் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியிலேயே அது அடங்கியுள்ளது. எனினும் அதைத் தேர்ந்தெடுக்கவும், முறையாகப் பயன்படுத்தவும், அதன் எல்லையை உணர்ந்து நடக்கவும் அறிந்தோர் சிலரே. இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி இயங்கும் விதம்

மழைக்காலத்தில் மின்னலைக் கண்டபின் இடி கேட்கும் வரை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம் உழவர்களிடம் உண்டு. மூன்று வினாடி கழிந்து இடி கேட்டால், மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தோன்றியது என்று கொள்ளலாம். காலத்தைக் கொண்டு தொலைவை அறியும் இந்த முறையே இடமறி கருவிக்கும் அடிப்படை.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் நாள்தோறும் இருமுறை உலகைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும், அப்பொழுதைய நேரத்தையும் வானொலி அலைகளாக இடைவிடாது அறிவித்துக் கொண்டிருக்கிறது. அந்த அலை வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு, கோளின் தொலைவைக் கருவி கணக்கிடுகிறது. சங்கரன்கோவிலிலிருந்து இத்தனை தொலைவு, கழுகுமலையிலிருந்து இத்தனை தொலைவு, கோவில்பட்டியிலிருந்து இத்தனை தொலைவு என்று மூன்று அளவுகளைச் சொன்னால், ஓர் இடத்தை வரைபடத்தில் குறித்துவிடலாம் அன்றோ? அதுபோலவே பல கோள்களின் தொலைவுகளைக் கொண்டு நாம் நிற்கும் இடம் கண்டறியப்படுகிறது. கருவியின் சிறு கடிகாரத்திலுள்ள பிழையையும் திருத்த வேண்டியிருப்பதால், குறைந்தது நான்கு கோள்களின் அலைகள் தேவை. ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். ஆகவேதான் கோள்களில் அணுக்கடிகாரங்கள் வைக்கப்பட்டுள்ளன.

இந்த எளிமையின் அருமையை உணர வேண்டுமாயின், பழைய நில அளவையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்பவர், சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை எஃகுச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அதனை அடியாகக் கொண்டு முக்கோணங்கள் வரைந்து, நாடு முழுவதும் அளக்கப்பட்டது. இன்று அந்தக் கோட்டின் இரு முனைகளையும் ஓர் இளைஞர் தம் கைப்பேசியில் அரை நாளில் குறித்துவிடலாம். எனினும் அவர் குறிக்கும் இடத்தில் சில மீட்டர் பிழை இருக்கும் என்பதை மறத்தலாகாது.

கோள் தொகுதிகள்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க நாட்டின் அமைப்பாகும். அதன் முதற் கோள் 1978இல் ஏவப்பட்டது. பொதுமக்களுக்கான அலைகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்ட பின்னரே, அது அனைவர்க்கும் நன்கு பயன்படலாயிற்று. இரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவையும் தத்தம் கோள் தொகுதிகளை நிறுவியுள்ளன. நம் நாட்டின் தொகுதிக்கு நாவிக் என்று பெயர். இதன் முதற் கோளை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2013 ஜூலை முதல் நாளன்று ஏவியது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட கோளில், நம் நாட்டிலேயே செய்யப்பட்ட அணுக்கடிகாரம் இடம் பெற்றது.

நாவிக் கோள்கள் சிலவற்றில் கடிகாரங்கள் பழுதுபட்டதும் உண்டு. ஆகவே ஒரே தொகுதியை நம்பும் கருவியைவிட, பல தொகுதிகளின் அலைகளையும் ஏற்கும் கருவியே மேலானது. வானத்தின் ஒரு பகுதியை மலை மறைத்தாலும், மற்றப் பகுதியிலுள்ள கோள்கள் துணை நிற்கும்.

எதனை வாங்குவது?

வாங்குமுன், எதற்காக என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும்.

சாலைப் பயணத்திற்கும் ஒரு நாள் சுற்றுலாவிற்கும் கைப்பேசியே போதும்; தனிக் கருவிக்காகப் பணம் செலவிட வேண்டா. கைப்பேசிக் கோபுரம் இல்லாத இடத்தில் இடமறிதல் நடவாது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. கோள்களின் அலைகளைப் பெறக் கோபுரம் தேவையில்லை; வரைபடத்தைப் பெறுவதற்கே அது தேவை. புறப்படுமுன் வீட்டிலேயே அப்பகுதியின் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், காட்டிலும் மேட்டிலும் அது வழி காட்டும்.

பல நாட்கள் மலையில் தங்குவோருக்கும், வழிகாட்டிகளாகப் பணி புரிவோருக்கும் கையடக்கத் தனிக் கருவி ஏற்றது. அதனை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பல கோள் தொகுதிகளையும், இரண்டு அலைவரிசைகளையும் ஏற்குமா? இரண்டு அலைவரிசைகளை ஏற்பது பள்ளத்தாக்கிலும் மரச்செறிவிலும் பிழையைக் குறைக்கும்.

2. கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியில் இயங்குமா? மாற்றிப் போடக்கூடிய பேட்டரி, மின்சாரம் இல்லாத இடத்தில் பெருந்துணை.

3. மழையைத் தாங்குமா? ஈரக் கையாலும் இயக்கும்படி பொத்தான்கள் உள்ளனவா?

4. உச்சி வெயிலில் திரையைப் படிக்க இயலுமா?

5. நம் பகுதியின் வரைபடம் கருவியிலேயே உள்ளதா, அல்லது தனியே வாங்க வேண்டுமா?

இங்கு ஓர் எச்சரிக்கை. செயற்கைக் கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி கொண்ட கருவிகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை அனுமதியின்றி இவற்றை நம் நாட்டில் வைத்திருத்தல் குற்றமாகும். அயல்நாட்டிலுள்ள உறவினர் அன்புடன் கொண்டுவரும் பொருளாயினும், இதனை முன்கூட்டியே விசாரித்தல் நன்று.

பயன்படுத்தும் முறை

புதிய இடத்தில் கருவியை இயக்கியவுடன், திறந்த வெளியில் சில நிமிடங்கள் நிற்க வேண்டும். கோள்களைத் தேடிப் பிடிக்க அதற்கு அவகாசம் தேவை. திறந்த வானத்தின்கீழ் நல்ல கைப்பேசி ஒன்று சுமார் 5 மீட்டர் அளவிற்குச் சரியாக இடத்தைக் காட்டும். பாறைச் சுவர்களுக்கிடையே அலைகள் பட்டுத் தெறித்து வருவதால் பிழை பன்மடங்கு பெருகும்.

நடக்கத் தொடங்கும் இடத்தையும், வழியிலுள்ள நீர்நிலையையும், பாதை பிரியும் இடங்களையும் கருவியில் குறித்துக்கொள்ள வேண்டும். சென்ற தடத்தைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி வைத்தால், அத்தடத்தையே பின்பற்றித் திரும்பி வரலாம். கைப்பேசியின் பேட்டரியை மிச்சப்படுத்த அதனை விமானப் பயண நிலையில் வைக்கலாம்; இடமறிதல் அப்பொழுதும் நடைபெறும். உயரத்தைக் காட்டும் எண்ணை முழுதும் நம்பலாகாது. தென்னிந்தியாவில் உண்மையான கடல் மட்டம், கருவியின் கணிதத்தில் கொள்ளப்படும் பரப்பிற்குச் சுமார் 90 மீட்டர் கீழே உள்ளது. இத்திருத்தத்தைச் செய்யாத செயலிகள், கடற்கரையில் நிற்பவரைக் கடலுக்கடியில் நிற்பவராகக் காட்டிவிடும்!

எண்களைச் சொல்லும் முறையையும் பழக வேண்டும். முதலில் அட்சரேகை, பின்னர் தீர்க்கரேகை. மாற்றிச் சொன்னால், திருவேங்கடம் வடதுருவத்தை அடுத்த குளிர்கடலில் போய் விழும். புள்ளிக்குப்பின் மூன்று இலக்கம் சொன்னால் சுமார் 110 மீட்டருக்குள்ளும், நான்கு இலக்கம் சொன்னால் சுமார் 11 மீட்டருக்குள்ளும் இடம் அடங்கும். ஆகவே நான்கு இலக்கங்களையாவது ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்லி, கேட்பவரைத் திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும்.

கருவியால் இயலாதவை

நாம் எங்கு நிற்கிறோம் என்பதைக் கருவி சொல்லும். அங்கு நிற்கலாமா என்பதைச் சொல்லாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றோரில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ எப்பக்கம் பரவுகிறது, எவ்வழி மூடப்பட்டுள்ளது என்பவற்றை வனத்துறையினரும் உள்ளூர் மக்களுமே அறிவர். அவ்வாண்டிலேயே மலையேற்றத்திற்கான விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை வாயிலாக 40 மலையேற்றப் பாதைகள் அறிவிக்கப்பட்டன. குற்றாலத்துச் செண்பகாதேவி அருவிப் பாதையும் அவற்றுள் ஒன்று. அனுமதி பெற்று, வழிகாட்டியுடன் செல்பவருக்கே கருவி துணையாகும். புறப்படும் நேரத்தையும், செல்லும் வழியையும், திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்வது, எந்தக் கருவியினும் மேலான காப்பு.

உழவர்கள் மனத்திற்கொள்ள வேண்டியது மற்றொன்றும் உண்டு. கைப்பேசியைக் கொண்டு வரப்பை அளந்து, அண்டை நிலத்தாருடன் வழக்காடுதல் கூடாது. 100 மீட்டர் நீளமுள்ள வரப்பில் 4 மீட்டர் பிழை நேர்ந்தால், அது 400 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 10 சென்ட் நிலம். அளவையர்கள் பயன்படுத்தும் நுண்கருவி, நிலையான நிலையங்களின் திருத்தத்தைப் பெற்று, சில சென்டிமீட்டர் அளவிற்குச் சரியாகக் காட்டுவது. அது வேறு, கைப்பேசி வேறு. எல்லைக்குச் சான்று சர்வே கல்லும் புலப்படமுமே அன்றிக் கைப்பேசித் திரையன்று.

ஊராட்சிகள் செய்யத்தக்கது

வீட்டிற்குக் கதவிலக்கம் உண்டு. காட்டிற்கும் கரிசற் புஞ்சைக்கும் இல்லை. பருத்தி எடுக்கும் பெண்ணொருத்தியைப் பாம்பு தீண்டினால், 108 வண்டியின் ஓட்டுநரிடம், "வேப்பமரத்துப் புஞ்சைக்குத் தெற்கே" என்று சொல்லிப் பயன் என்ன? வெளியூரிலிருந்து வரும் அவர் அந்த வேப்பமரத்தை அறியார். அங்குமிங்கும் வழி கேட்டு அலைவதில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஊறு விளைப்பதாகும். பாதயாத்திரைக் கூட்டத்திலிருந்து பிரிந்து, இரவில் மயங்கி விழும் முதியவர் நிலையும் இதுவே.

வீடு கட்டும் திட்டம் முதலிய பணிகளுக்காக இடக்குறியுடன் படம் எடுக்கும் பழக்கம் நம் ஊராட்சிகளில் முன்னரே வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தைச் சற்று விரிவாக்கினால் போதும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியிலுள்ள கண்மாய் மடைகள், கைவிடப்பட்ட கிணறுகள், புஞ்சைகளுக்குச் செல்லும் வண்டிப்பாதைகள் பிரியுமிடங்கள், யாத்திரிகர் தங்கும் மண்டபங்கள் ஆகியவற்றின் முன் நின்று, எண்களைக் குறித்து வரலாம். ஒரே இடத்தில் வெவ்வேறு வேளைகளில் மூன்று முறை பார்த்து, ஒத்து வருவதை எழுதுதல் நன்று. ஊர் மக்கள் வழங்கும் பெயரும் அருகில் எழுதப்பட வேண்டும். அப்பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதோடு, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் காவல் நிலையத்திற்கும் ஒரு படி கொடுத்து வைக்கலாம். கைப்பேசியில் தம் இருப்பிடத்தைக் கண்டு, 108க்கோ 112க்கோ பிழையின்றிச் சொல்லும் பயிற்சியைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு மாலைப் பொழுதில் அளித்துவிடலாம்.

இதற்குப் பெரும் பொருட்செலவு ஏதுமில்லை. வேண்டுவது ஒரு கைப்பேசி, ஒரு குறிப்பேடு, ஊரைச் சுற்றிவர இரண்டு நாட்கள். பயணம் செல்வோர் தாம் நிற்கும் இடத்தை அறிந்திருப்பார்களாக. அவர்களைத் தேடிச் செல்வோர்க்கு அவ்விடத்தை எண்ணால் சொல்லவும் கற்றிருப்பார்களாக.