ஜெயிக்கிற குதிரையைத் தேடாதவர்

ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் முதலோடு 1980களின் நடுவில் ஹாங்காங்கில் வந்திறங்கிய இரண்டு பேர், சீக்கிரமே அதில் 1,20,000 டாலரைக் குதிரைகள் மேல் கட்டித் தொலைத்தார்கள். ஒருவர் பிட்ஸ்பர்க்கில் பிறந்த பில் பென்டர்; இயற்பியல் படிப்பைப் பாதியில் விட்டவர். மற்றவர் ஆஸ்திரேலியரான ஆலன் வுட்ஸ். இருவருமே லாஸ் வேகாஸில் சீட்டு எண்ணிப் பிழைத்தவர்கள். பிளாக்ஜாக் ஆட்டத்தில் எந்தெந்தச் சீட்டு வெளியேறிவிட்டது என்று கணக்கு வைத்து ஆடினால் கேசினோவையே தோற்கடிக்கலாம் என்று எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962இல் புத்தகமே எழுதியிருந்தார். அதைப் படித்துக் கிளம்பியவர்களில் பென்டரும் ஒருவர். கேசினோக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்து, இனி உள்ளே வராதே என்று கதவைச் சாத்தினார்கள்.

ஜெயிப்பவனைத் துரத்தாத இடமாகப் பார்த்துத்தான் அவர்கள் ஹாங்காங்குக்குப் போனார்கள். அங்கே குதிரைப் பந்தயத்தில் சட்டப்படி பணம் கட்ட வேண்டுமானால் 1884இல் தொடங்கிய ஜாக்கி கிளப்பிடம்தான் கட்ட வேண்டும். அது டோட் முறை. எல்லோரும் கட்டிய பணம் ஒரே குவியலாகச் சேரும். கிளப் அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 17, 18 என்று தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். யார் ஜெயித்தாலும் கிளப்பின் பங்கு குறையாது. தன் பணத்தை வைத்துப் பந்தயம் ஏற்கிற புக்கியின் கதை வேறு. நீங்கள் ஜெயிக்கிற பணம் அவன் பையிலிருந்து போகிறது. நாலு முறை தொடர்ந்து ஜெயித்தால் ஐந்தாம் முறை உங்கள் பணத்தை வாங்கவே யோசிப்பான். உலகம் முழுக்கத் தொழில்முறைப் பந்தயக்காரர்களின் பாதி உழைப்பு, தங்கள் பணத்தை யாராவது ஏற்றுக்கொள்ளும்படி செய்வதிலேயே போகிறது.

ஹாங்காங்குக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஹேப்பி வேலி, ஷா டின் என்று இரண்டே மைதானங்கள். ஏறக்குறைய ஆயிரம் குதிரைகளே திரும்பத் திரும்ப ஒன்றோடொன்று ஓடும். ஜாக்கிகளும் பயிற்சியாளர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். ஒவ்வொரு ஓட்டமும் துல்லியமாகப் பதிவாகும். புரள்கிற பணமோ மலைப்பானது: 1990களின் நடுவில் ஒரு பருவத்துக்கு 1,000 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல்.

இந்தக் குவியலில் ஜெயிப்பது என்றால் என்ன? ஒரு குதிரைமேல் மொத்தப் பணத்தில் 16.5 சதவீதம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வெற்றி வாய்ப்பு 16.5 சதவீதம் என்று கூட்டம் நினைக்கிறது. கிளப் 17.5 சதவீதம் எடுத்தது போக, 10 டாலர் டிக்கெட்டுக்கு 50 டாலர் கிடைக்கும். கட்டியவருக்குக் கையைக் கடிக்காமல் இருக்கவே அந்தக் குதிரைக்கு உண்மையில் 20 சதவீத வாய்ப்பு இருந்தாக வேண்டும். அதாவது கூட்டத்தை விடக் கொஞ்சம் விவரமாக இருந்தால் போதாது. கிளப்பின் பங்கையும் தாண்டுகிற அளவுக்குக் கூட்டத்தின் கணிப்பு தவறியிருக்கும் குதிரையாகக் கண்டுபிடிக்க வேண்டும். அது ஃபேவரிட்டாகவும் இருக்கலாம், யாரும் சீண்டாத குதிரையாகவும் இருக்கலாம். ஒரு பந்தயத்தில் அப்படி ஒன்றுமே இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ‘இன்றைக்கு எந்தக் குதிரை வரும்?’ என்று கேட்பவருக்கும் பென்டருக்கும் இங்கேயே வழி பிரிந்துவிடுகிறது.

முதலில் அவர் செய்த வேலையில் கவர்ச்சி ஒன்றும் இல்லை. பழைய பந்தய முடிவுகளைத் தேடி எடுத்து, ஆள் வைத்துக் கணினியில் ஒவ்வொன்றாக ஏற்றினார். சுமந்த எடை, ஓடிய தூரம், புறப்பட்ட இடம், கடைசி ஓட்டத்துக்குப் பின் எத்தனை நாள் ஓய்வு, அன்று ஜாக்கி யார் என்று விவரங்கள் நீண்டன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதற்கு, ரூத் போல்டன், ராண்டல் சாப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட கட்டுரை வழிகாட்டியது. இதற்கிடையே முதல் கரைந்தது. வுட்ஸோடு மனஸ்தாபம் முற்றி 1987இல் இருவரும் பிரிந்தார்கள். பென்டர் அட்லாண்டிக் சிட்டிக்குப் போய் மறுபடி சீட்டாடிப் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்று நான் நினைப்பது இதற்குப் பிறகு வந்தது. கணினி ஒரு குதிரைக்கு 30 சதவீத வாய்ப்பு என்கிறது, கூட்டம் 16.5 என்கிறது. அடித்தது யோகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிப்பட்ட குதிரைகளை மொத்தமாக எடுத்து முடிவுகளைப் பார்த்தால், அவை ஜெயித்த விகிதம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது. கூட்டத்துக்குத் தெரிந்த ஏதோ ஒன்று கணினிக்குத் தெரியவில்லை. லாயத்தில் கசிந்த பேச்சாக இருக்கலாம், மைதானத்தில் நடத்திக் காட்டும்போது குதிரை வியர்த்த விதமாக இருக்கலாம். பென்டர் ரோஷப்படவில்லை. டோட்டில் தெரிகிற விலையையே, அதாவது கூட்டத்தின் கணிப்பையே, தன் கணக்குக்குள் ஒரு முக்கிய அம்சமாகச் சேர்த்தார். தான் தோற்கடிக்க வந்த கூட்டத்திடமே முதலில் யோசனை கேட்டார் என்று சொல்லலாம். அதன் பிறகும் மிஞ்சிய வித்தியாசம்தான் அவருடைய சாதகம். அது சின்னது, ஆனால் நிஜமானது.

அடுத்தது, எவ்வளவு கட்டுவது. பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். மேலே சொன்ன குதிரைக்கு உண்மையில் 25 சதவீத வாய்ப்பு இருந்தால், கைமுதலில் 6.25 சதவீதம் கட்டலாம் என்கிறது அது. அதைப்போல இரண்டு மடங்கு கட்டத் தொடங்கினால், கணிப்பு சரியாகவே இருந்தாலும் காலப்போக்கில் முதல் வளராது. அதற்கும் மேலே போனால் கரைந்து ஒழியும். பென்டர் போன்றவர்கள் கெல்லி சொல்வதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் கட்டினார்கள். தங்கள் கணிப்பும் தப்பாக இருக்கலாமே என்ற பயம். டோட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீங்கள் கட்டுகிற பணமே உங்கள் குதிரையின் விலையைக் குறைத்துவிடும். பெரிய தொகை கட்டினால் கண்டுபிடித்த சாதகத்தை நீங்களே தின்றுவிடுவீர்கள்.

இவ்வளவு நிதானத்தில் என்ன பெரிதாகச் சம்பாதிக்க முடியும் என்று கேட்கலாம். 2001 நவம்பர் 6 அன்று ஹேப்பி வேலியில் ‘டிரிபிள் டிரியோ’ பரிசுத்தொகை பல முறை யாரும் ஜெயிக்காமல் ஏறிக் கிடந்தது. மூன்று பந்தயங்களில், ஒவ்வொன்றிலும் முதலில் வரும் மூன்று குதிரைகளை வரிசை பாராமல் சொல்ல வேண்டும். பந்தயத்துக்கு 12 குதிரை என்றால் ஒரு கோடியே 6 லட்சத்துக்கும் மேல் சேர்க்கைகள். பென்டர் குழு அதில் 51,000க்கும் மேற்பட்ட சேர்க்கைகளைக் கட்டி, சுமார் 12 கோடி ஹாங்காங் டாலரை ஜெயித்தது. ஜெயித்தும் அவர் அதை வாங்கப் போகவில்லை. உரிமை கோராத பணம் கிளப்பின் அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் கண்ணில் பட்டால் இத்தனை வருஷத் தொழில் கெட்டுவிடும் என்று அவர் நினைத்திருந்தால் அது தப்புக் கணக்கு அல்ல. வாழ்நாளில் அவர் பந்தயத்தில் சம்பாதித்தது 100 கோடி அமெரிக்க டாலரை நெருங்கும் என்கிறார்கள்.

குதிரைப் பந்தயம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு நம் ஊரிலும் நடந்ததுதான். தமிழக அரசு 1974இல் சட்டம் போட்டுப் பந்தயத்தை ஒழிக்கப் பார்த்தது. அது பெரும்பாலும் திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பென்டரின் கணக்கைப் பார்த்தால் திறமை இருப்பது உண்மை. ஆனால் டோட்டில் அந்தத் திறமைக்குப் பரிசு அரசோ கிளப்போ கொடுப்பதில்லை, பக்கத்தில் நிற்பவர் கொடுக்கிறார். பென்டர் ஜெயித்த ஒவ்வொரு டாலரும், கிளப் எடுத்தது போக, பென்சிலும் பந்தயப் புத்தகமுமாக வந்த யாரோ ஒருவர் கட்டியது.

1994இல் பென்டர் தன் முறையைக் கட்டுரையாகவே வெளியிட்டார். பின்னால் வந்த கணினிக் குழுக்களுக்கு அது பாடப்புத்தகமாயிற்று. குழுக்கள் பெருகப் பெருக, கூட்டத்தின் விலையும் கூர்மையாயிற்று. ஒரு காலத்தில் பென்டருக்கு மட்டும் தெரிந்தது இப்போது டோட் பலகையிலேயே தெரிகிறது. குழுக்களின் பணம் கடைசி நொடிகளில்தான் வந்து விழும். அமெரிக்க மைதானங்களில் இது தீராத புகார்: 10க்கு 80 என்று பார்த்து டிக்கெட் வாங்கியவர், குதிரை ஜெயித்த பிறகு 55தான் தருகிறார்கள் என்று கௌண்டரில் சண்டை போடுகிறார். நியூயார்க் பந்தய நிர்வாகம், ஓட்டம் தொடங்குவதற்கு முந்தைய கடைசி நிமிடங்களில் கணினிக் குழுக்கள் ‘வின்’ கணக்கில், அதாவது முதலில் வரும் குதிரைக்கான குவியலில், பணம் கட்டுவதற்குத் தடையே போட்டிருக்கிறது.