குவெர்செட்டினின் கரைதிறனும் குடல் உறிஞ்சலும்: சின்ன வெங்காயத்தை முன்வைத்து

பெரம்பலூர் மாவட்டத்தில், குறிப்பாகச் செட்டிகுளம் வட்டாரத்தில், சின்ன வெங்காயம் பரவலாகப் பயிரிடப்படுகிறது. வெங்காயத்தில் மிகுந்துள்ள குவெர்செட்டின் என்னும் ஃபிளவனாய்டு, ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் பண்புடையது. எனினும் அதன் தூய வடிவம் நீரில் மிக அரிதாகவே கரைகிறது. ஆதலால் வாய்வழி உட்கொள்ளும்போது குருதியைச் சென்றடையும் அளவு குறைகிறது.

வெங்காயச் சதையில் குவெர்செட்டின் பெரும்பாலும் குளுக்கோசுடன் இணைந்தே காணப்படுகிறது. பெருங்குடல் நீக்கப்பட்டவர்களிடம் ஹோல்மன் குழுவினர் நெதர்லாந்தில் மேற்கொண்டு 1995இல் வெளியிட்ட ஆய்வில், உறிஞ்சப்பட்ட அளவு வெங்காயத்திலிருந்து 52 விழுக்காடு. தூய வடிவிலிருந்து 24 விழுக்காடு. ருட்டின் வடிவிலிருந்து 17 விழுக்காடு. ருட்டினும் சர்க்கரை இணைந்ததே. தூய வடிவத்தைவிட நீரில் கூடுதலாகக் கரைவது. ஆயினும் குளுக்கோசு இணைப்பைப் பிரிக்கும் சிறுகுடல் நொதி ருட்டினைப் பிரிப்பதில்லை. எனவே, கரைதிறன் உயர்வு மட்டுமே உறிஞ்சலை உறுதி செய்யாது.

வெங்காயத்தின் உலர்தோலிலோ சர்க்கரை இணையாத வடிவமே மிகுதி. ஆகவே, பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் கழிவாகும் தோலை மருந்து மூலப்பொருளாக்க முனைவோர், பிரித்தெடுப்பதோடு நின்றுவிட இயலாது. பாஸ்போலிப்பிடுப் பிணைப்பு, சைக்ளோடெக்ஸ்ட்ரின் உள்ளடக்கம், திண்மச் சிதறல் ஆகிய முறைகளுள் ஏற்றதைத் தேர்ந்து, கரைதிறனுடன் குடல் உறிஞ்சலையும் சேர்த்தே அளவிடுதல் வேண்டும்.