தாத்தா காலத்துப் பால் பண்ணை நமக்கு ஏன் இல்லை?

சென்னை ராயப்பேட்டையிலிருந்து 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார் அயோத்திதாசப் பண்டிதர். ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி, நிலம், தண்ணீர் பற்றி அவர் எழுப்பிய கேள்விகள் இன்றும் தீரவில்லை. அதே வழியில் நாமும் ஒரு கேள்வி கேட்போம். மூன்று, நான்கு தலைமுறையாக நடக்கும் குடும்பப் பால் பண்ணைகள் ஊர்ப் பக்கம் உண்டு. சேரிப் பக்கம் அப்படி ஒன்றைக் காண்பது ஏன் இவ்வளவு அரிது?

மாடு வளர்க்கத் தெரியாததால் அல்ல. பண்ணையாளாகச் சாணி அள்ளியதும், மாடு மேய்த்ததும், புல் அறுத்துப் போட்டதும் நம் முன்னோர்தான். சினை மாட்டின் கண்ணைப் பார்த்தே கன்று போடும் நாளைச் சொன்னவர்கள் அவர்கள். அடுத்தவர் கன்றை வாரத்துக்கு வளர்த்துக் கொடுத்துப் பாதிப் பங்கு பெற்ற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தொழில் நம்மிடம் இருந்தது. தொழுவம்தான் இன்னொருவருடையதாக இருந்தது.

கட்ட இடம் இல்லை

பால் பண்ணைக்கு முதலில் வேண்டியது மாடு கட்ட இடம். அடுத்தது வைக்கோலும் தீவனப் பயிரும் தரும் நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல் அரசுக்கு அளித்த அறிக்கை இந்த இடத்தைத்தான் தொட்டது. பறையர் குடியிருந்த மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்தது. கூலி உயர்த்திக் கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிடலாம். சொந்த மனையே இல்லாதவர் கொட்டகை போடுவது எப்படி? பிள்ளைக்கு விட்டுச் செல்வது எப்படி?

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. இதுதான் பஞ்சமி நிலம். முதல் 10 ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. இந்த நிபந்தனையை மீறி ஏராளமான நிலம் கைமாறியது. அதை மீட்கும் போராட்டத்தில், செங்கல்பட்டு அருகே காரணையில் அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து மக்கள் திரண்டபோது, 1994 அக்டோபர் 10-ல் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஜான் தாமஸ், ஏழுமலை என இருவர் உயிரிழந்தனர்.

கறந்தாலும் வாங்க ஆள் இல்லை

மாடு இருந்தாலும் பாலுக்குத் தீட்டு இருக்கிறது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த ஆய்வு 2006-ல் நூலாக வந்தது. கூட்டுறவு சங்கத்துக்குத் தலித் குடும்பங்கள் பால் விற்க ஏறத்தாழ பாதி கிராமங்களில் தடை இருந்ததாக அது பதிவு செய்தது. பாலுக்குக் கொழுப்பு உண்டு, இதர சத்து உண்டு, சாதி கிடையாது. கேனில் ஊற்றிக் கலந்த பிறகு எது யார் வீட்டுப் பால் என்று எந்தக் கருவியும் சொல்லாது. ஆனாலும் ஊற்றும் கையைப் பார்க்கிறார்கள். நிலம் இல்லாதவருக்குத் தினமும் கைக்காசு தரக்கூடிய தொழில் பால். அந்த வாசலையும் அடைத்தால் மீண்டும் கூலிக்குத்தான் போக வேண்டும்.

தமிழகத்தில் பால்வளத் துறை 1958-ல் தொடங்கியது. இன்று ஆவின் என்று நாம் அழைக்கும் கூட்டுறவு இணையம் 1981-ல் பால் வணிகத்தை ஏற்றது. தாட்கோ 1974 முதல் இயங்குகிறது. கறவை மாடு வாங்கவும் கடனுதவி பெறலாம். 2011-ல் விலையில்லா கறவை மாடு திட்டமும் வந்தது. இவற்றால் பயன்பெற்றவர்கள் உண்டு. ஆனால் மாட்டை மட்டும் கொடுத்து, மேய்ச்சலையும் தீவனத்தையும் பால் ஊற்றும் இடத்தையும் பழையபடியே விட்டால் என்ன ஆகும்? வைக்கோலையும் புண்ணாக்கையும் விலைக்கு வாங்கியே கையிருப்பு கரையும். இரண்டாம் ஈற்றுக்குள் மாடு சந்தைக்குப் போய்விடும்.

என்ன செய்யலாம்?

உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எங்கே இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகத்தைக் கேளுங்கள். படித்த பிள்ளைகள் இந்த மனுவைப் பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம்.

சங்கத்தில் பால் ஊற்றினால் கொழுப்பு, இதர சத்து அளவு குறித்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். விலை அதை வைத்துத்தான். உறுப்பினராகச் சேருங்கள், உறுப்பினர் ஆனால்தான் நிர்வாகத் தேர்தலில் வாக்கு.

சாதியைக் காரணம் காட்டிப் பாலை மறுத்தாலோ, பொது நீர்நிலையைத் தடுத்தாலோ அது ஊர் வழக்கம் அல்ல, குற்றம். திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் உள்ளது. தொழில் செய்வதைத் தடுப்பதும், சமூகப் புறக்கணிப்பும், பொருளாதாரப் புறக்கணிப்பும் அதில் அடக்கம்.

தாத்தா விட்டுச் சென்ற பண்ணை நமக்கு இல்லை. பேரப்பிள்ளைகளுக்காவது ஒன்று இருக்க வேண்டுமானால், மாட்டோடு சேர்த்து மண்ணையும் கேட்போம்.