பொம்பளைப் பிள்ளையை ஹாஸ்டலில் விடலாமா?



மே, ஜூன் மாதம் வந்துவிட்டால் குழுக் கூட்டங்களில் உள்கடன் கேட்கும் காரணமே மாறிவிடுகிறது. ஆடு வாங்க, ஓடு மாற்ற என்று இருந்தது போய், "பிள்ளை படிப்புக்கு" என்று தீர்மான நோட்டில் வரிசையாக எழுதுகிறோம். அந்தச் சமயத்தில் நாங்கள் போகிற ஊரில் எல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "எட்டாவது முடிச்சிட்டா மேடம். மேல படிக்கணும்னா டவுனுக்குத்தான் போகணும். சாயங்கால பஸ்ஸை நம்ப முடியல. ஹாஸ்டல்ல விடலாமா, இல்ல இதோட நிறுத்திடலாமா?" பையனைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டு நாங்கள் கேள்விப்படவில்லை.

பயப்படுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டோம். யார் சமைக்கிறார்கள், ராத்திரி யார் காவல், கூடப் படுக்கிறது எந்த ஊர்ப் பிள்ளை, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று ஒரு தாய்க்கு ஆயிரம் யோசனை இருக்கும். நூறு வருடத்துக்கு முன்பும் இதே பயம் இருந்தது. அதற்கு முகம் கொடுத்துத்தான் சென்னையில் இரண்டு பெண்கள் இரண்டு விடுதிகளைத் தொடங்கினார்கள். இருவருமே 1886ஆம் வருடம் பிறந்தவர்கள். ஒருவர் சிஸ்டர் சுப்புலட்சுமி. இன்னொருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இரண்டாவது பேர் உங்களுக்குப் பழக்கமானதுதான். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பேரில்தான் இருக்கிறது. திட்டத்தின் பேர் எல்லோருக்கும் தெரியும், அந்த அம்மா யாருங்க என்று கேட்டால்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறோம்.

கடற்கரையில் ஒரு விடுதி

சுப்புலட்சுமிக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்து பிராமணக் குடும்பங்களில் அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கை என்று ஒன்று கிடையாது. தலையை மழித்துவிடுவார்கள். நல்ல காரியத்துக்கு எதிரே வரக்கூடாது. விடிந்தால் அடுப்படி, பொழுது சாய்ந்தால் ஒரு மூலை. பொம்மை வைத்து விளையாடுகிற வயதில் இருந்தாலும் இதே கதிதான்.

சுப்புலட்சுமியின் பெற்றோர் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. மகளைப் படிக்க வைத்தார்கள். 1911ல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் அவர் பி.ஏ. பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். நல்ல வேலை கிடைத்திருக்கும், தன் பாட்டைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அடுத்த வருடமே, 1912ல், சாரதா மகளிர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, இளம் விதவைகள் தங்கிப் படிக்க ஓர் இல்லமும் தொடங்கினார். தொடக்கத்தில் எழும்பூரில் அவர் வீட்டிலேயே சில சிறுமிகள். விரல் விட்டு எண்ணிவிடலாம், அத்தனை பேர்தான். அவருடைய சித்தி வாலாம்பாளும் சின்ன வயதில் கணவரை இழந்தவர். வீட்டு நிர்வாகத்துக்கு அவர் துணை நின்றார்.

கல்வித்துறையில் பெண் கல்விக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற அதிகாரி இதற்கு ஆதரவு கொடுத்தார். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு இதில் என்ன அக்கறை? இரக்கம் மட்டும் இல்லைங்க. அவர்களுக்குப் பெண் ஆசிரியர் கிடைக்கவில்லை. வயதுக்கு வந்த பெண்ணை ஆண் வாத்தியாரிடம் அனுப்ப எந்த வீட்டுக்கும் மனசு வராது. பெண் ஆசிரியர் இருந்தால்தான் பெண்கள் பள்ளியே நடக்கும். கல்யாணமாகிக் குடும்பத்தோடு இருக்கிற பெண்ணை வெளியூர் வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். அப்படியானால் யார் வருவார்? வீட்டில் "இவளால் என்ன பிரயோஜனம்" என்று ஒதுக்கி வைத்திருந்த அந்த விதவைப் பெண்ணேதான். வேண்டாத ஆள் என்று வீடு நினைத்தவள்தான் மாகாணத்துக்கே வேண்டிய ஆளாக இருந்தாள்!

1917ல் மெரினா கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற பெரிய கட்டிடத்தை அரசு இந்த விடுதிக்காக வாங்கியது. இந்தப் பேர் வந்த கதை வேடிக்கையானது. 1842 வாக்கில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஐஸ்கட்டிகளைச் சேர்த்து வைக்கக் கட்டிய கட்டிடம் அது. இன்று அதைத்தான் விவேகானந்தர் இல்லம் என்கிறோம். கொஞ்ச தூரத்தில், 1914ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி. பிறகு 1922ல் லேடி வெலிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதன் முதல் தலைவரும் சிஸ்டர்தான். தங்க இடம், படிக்கப் பள்ளி, பயிற்சி, வேலை என்று நாலையும் ஒரே கோட்டில் கோர்த்தார். பாதியில் விட்டால் பெண் திரும்ப அதே அடுப்படிக்குத்தான் போவாள் என்பது அவருக்குத் தெரியும்.

நம்பிக்கையை எப்படிச் சம்பாதித்தார்?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த விடுதியில் பிராமண விதவைகளை மட்டும்தான் சேர்த்தார்கள். சமையல், சாப்பாடு, ஆசாரம் எல்லாம் வீட்டில் எப்படியோ அப்படியே. இதில் பிசகினால் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பாது என்பது கணக்கு.

அந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. 1889ல் பம்பாயில் பண்டித ரமாபாய் சாரதா சதன் என்று விதவைகளுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கினார். அது அடுத்த வருடம் புனேவுக்கு மாறியது. ரமாபாய் கிறிஸ்தவர் ஆனவர். பிள்ளைகளையும் மதம் மாற்றப் பார்க்கிறார் என்று 1893ல் பெரிய சர்ச்சை கிளம்பி, பல குடும்பங்கள் பெண்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டன. போன பிள்ளைகள் கதி என்ன ஆகியிருக்கும்? பள்ளியை நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பெற்றோர் நம்பிக்கை உடைந்தால் முதலில் படிப்பை இழப்பது பெண்தான்.

அதனால் சிஸ்டர் ஊர் வழக்கத்தோடு மல்லுக்கட்டவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் விட்டுக்கொடுத்து, படிப்பை வாங்கிக்கொண்டார். இது சரியா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அன்றைக்கு வேறு வழி இல்லை என்று சிலர் சொல்கிறோம். அரசாங்கப் பணத்தில் நடக்கிற விடுதியில் ஒரு சாதிக்கு மட்டும் கதவு திறந்தால், மற்ற சாதிப் பெண் பிள்ளை எங்கே போவாள் என்று மற்றவர்கள் கேட்கிறோம். இரண்டாவது கேள்விக்குச் சமாதானம் சொல்வது கஷ்டம். சிஸ்டரே 1927ல் சங்கத்தின் மூலம் சாரதா வித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கினார். பிற்பாடு அதை ராமகிருஷ்ண மிஷன் ஏற்று நடத்தியது.

கதவு திறக்காத பிள்ளைகள்

அந்தக் கேள்விக்கு 1930ல் நேரடியாகப் பதில் சொன்னவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டைக்காரர். அவருடைய அம்மா இசைவேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். அந்தக் குலத்தில் பெண்களைப் பொட்டுக்கட்டி, கோயிலுக்கு என்று விட்டுவிடும் வழக்கம் இருந்தது. முத்துலட்சுமி பையன்கள் படிக்கிற மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே படித்தார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1927ல் சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவர் ஆனார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். முழுத் தடைச் சட்டம் 1947ல்தான் வந்தது.

ஆனால் சட்டம் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியுமா? அந்த வழக்கத்திலிருந்து தப்பிக்க நினைத்த பெண் பிள்ளைகள் சிலர் அவரைத் தேடி வந்துவிட்டார்கள். அவர்களைச் சேர்க்க விடுதி தேடினார். பிராமணப் பெண்களுக்கு ஒரு விடுதி இருந்தது. பிராமணர் அல்லாத பெண்களுக்கு ஒரு விடுதி இருந்தது. தேவதாசி வீட்டுப் பிள்ளை என்றதும் இரண்டுமே முடியாது என்றன. மேலவையில் மணிக்கணக்காகப் பேசிய அம்மாவுக்கு, இந்தப் பிள்ளைகள் இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பார்கள் என்பது பெரிய கேள்வியாக வந்து நின்றது. தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் ஔவை இல்லம்.

எந்தச் சாதி, யார் பெற்ற பிள்ளை என்ற கேள்வியே அங்கே கிடையாது. ஆதரவு இல்லாத எந்தப் பெண் பிள்ளையும் வரலாம். புருஷன் பேரோ அப்பன் பேரோ இல்லாமல் தன் சொல்லால் மட்டும் பேர் வாங்கிய ஔவையார் பேரை வைத்தது பொருத்தம்தான் என்று எங்களுக்குத் தோன்றும். பிறகு இல்லம் அடையாறுக்குப் போனது. பள்ளிக்கூடம், ஆசிரியர் பயிற்சி, கைத்தொழில் என்று வளர்ந்து இன்றைக்கும் நடக்கிறது.

இதே போராட்டத்தில் நின்ற இன்னொருவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தாலிக்குத் தங்கம் திட்டம் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும், அவர் பேரில் இருந்ததுதான். 2022ல் அது கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. கல்யாணத்துக்கு வந்த பணம் படிப்புக்குத் திரும்பியதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். சில உறுப்பினர்களுக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது என்பதும் தெரியும்.

இப்போது உங்கள் மகள்

1912ல் ஒரு சித்தி வீட்டோடு இருந்தது பெற்றோருக்கு நம்பிக்கை கொடுத்தது. இன்று அந்த நம்பிக்கையை நாம் கேட்டு வாங்கலாம். 2014ல் தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென்று தனிச் சட்டம் வந்திருக்கிறது. தனியார் நடத்தும் விடுதி என்றால் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். "லைசென்ஸ் இருக்கா, காட்டுங்க" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். பெண் வார்டன் ராத்திரி அங்கேயே தங்குகிறாரா, கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, பிள்ளை நினைத்தபோது வீட்டுக்குப் பேச முடியுமா என்று நேரில் போய்ப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவில் இரண்டு பேர் சேர்ந்து போங்கள். சேர்த்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய் நில்லுங்கள். பிள்ளைக்குத் தொந்தரவு என்று தெரிந்தால் 1098க்கு ஃபோன் செய்யலாம், காசு கிடையாது.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்த விடுதியில் எந்தப் பிள்ளையையாவது தனித் தட்டு, தனி வரிசை என்று பிரிக்கிறார்களா? அப்படி இருந்தால் உங்கள் பிள்ளை அந்த வரிசையில் இல்லாவிட்டாலும் கூட்டமைப்புக்குத் தெரியப்படுத்துங்கள்.

பணம் கட்டித்தான் விட வேண்டும் என்றும் இல்லை. அரசு நடத்தும் மாணவியர் விடுதிகள் இருக்கின்றன. படிப்பில் பின்தங்கிய ஒன்றியங்களில் பெண் பிள்ளைகளுக்காக 2004லிருந்து கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்ற உண்டு உறைவிடப் பள்ளிகள் நடக்கின்றன. இடையில் நின்ற பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள். சாப்பாடு, தங்குமிடம் இலவசம். பக்கத்தில் எங்கே இருக்கிறது, எத்தனை இடம் காலி என்ற விவரம் வட்டார வள மையத்தில் கிடைக்கும். ஜூன் வரைக்கும் காத்திருக்காமல் ஏப்ரல் மாதக் கூட்டம் முடிந்ததும் உங்கள் ஊக்குநரோடு போய்க் கேட்டுவிடுங்கள்.