வாசலில் நிற்கும் பறை

நம் முன்னோர் வயலில் பாடியவையும், பிள்ளையைத் தாலாட்டப் பாடியவையும், இறந்தோரின் அருகமர்ந்து அழுது பாடியவையும் மறைந்தொழிந்தன என்றே சில ஆண்டுகளுக்கு முன்வரை பலரும் எண்ணியிருந்தனர். அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. செவ்வாப்பேட்டையைச் சுற்றிலும் நாற்று நட்ட நிலங்கள் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. நடவே இல்லாத இடத்தில் நடவுப் பாட்டு எங்ஙனம் நிற்கும்? ஆயினும் அப்பாடல்கள் வேறொரு வாயில் வழியே திரும்பி வருகின்றன. அம்பத்தூருக்கும் காக்களூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஷிப்ட் வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களின் கைப்பேசியில் ஒலிப்பதைச் சற்று நின்று கேட்டால், பறையின் அடியும் ஒப்பாரியின் இழுப்பும் அதனூடே வருவதை உணரலாம். பெற்றோர் பலர் அதனை இரைச்சல் என்று தள்ளுகின்றனர். அவ்வாறு தள்ளலாகாது என்பது நம் கருத்து. அதற்குரிய காரணங்களுள் ஒன்று நம் கோயில் வாசலிலேயே இருக்கிறது.

முதலில் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குவோம். நம் ரயில் பாதையில் மேற்கே சென்றால் வருவது அரக்கோணம். அவ்வூரைச் சேர்ந்தவர் அறிவு என்னும் பாடகர். தீ என்னும் பாடகியுடன் அவர் பாடி, சந்தோஷ் நாராயணனின் இசைத் தயாரிப்பில் 2021 மார்ச்சு மாதம் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் பாடலைக் கேளாத வீடு நம் பங்கில் இராது. சிறுவர்கள் அதற்குத் துள்ளி ஆடினர். அதன் அடியில் கிடப்பதோ ஒப்பாரி. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அம்மக்களைக் கலந்துகொள்ளாமலேயே அவர்களுடைய வாழ்வு பங்கிடப்பட்டது. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்கள், அத்தோட்டத்தில் ஒரு பிடி மண்ணும் தமக்கு உரிமையில்லாமல் திரும்பினர். அத்தகையோர் வாயில் பிறந்த சொற்களும் இசையும் பேரன் வழியாக உலகமெங்கும் சென்றன.

சென்ற பிறகு ஒரு பூசலும் எழுந்தது. புகழ்பெற்ற இசை இதழொன்றின் இந்தியப் பதிப்பு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட அட்டைப்படத்தில் அறிவு இடம்பெறவில்லை. 2022 ஜூலையில் சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அவரின்றியே அப்பாடல் அரங்கேறியது. பாடலை ஆக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றி அவரும் மற்றவர்களும் தத்தம் கூற்றைப் பொதுவில் உரைத்தனர். அதில் தீர்ப்புச் சொல்வது நம் பணியன்று. ஆனால் கேள்வி நம்மையும் தொடுகிறது: ஒரு மெட்டு மேடை ஏறும்போது, அதனைத் தந்தவர் எங்கே நிற்கிறார்? 2024-இல் அறிவு வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர். பாட்டியின் பெயரையே அவர் முன்னே வைத்துவிட்டார்.

நாட்டுப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. ஒருத்தி பாடியதை மற்றொருத்தி மாற்றிப் பாடுவாள். ஊருக்கு ஊர் அடி கூடும், குறையும். இவ்வியல்பே அதற்கு உயிர். எவரும் எடுத்துக்கொண்டு போகலாம் என்னும் நிலைக்கும் இதுவே காரணம். மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம் கணவருடன் ஊர் ஊராகச் சென்று பாடல்களைத் திரட்டிப் பாடினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிவகங்கைச் சீமையில் பிறந்த கே. ஏ. குணசேகரன் 'தன்னானே' கலைக்குழுவை அமைத்து, கிராமத்து மெட்டுகளிலே சாதிக் கொடுமையை எதிர்த்துப் பாடினார். பின்னர் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்து 2016-இல் மறைந்தார். தாம் கண்ட அவமானங்களை 'வடு' என்னும் தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். நம் பங்கு நூலகங்களில் இருக்க வேண்டிய நூல் அது.

சென்னையின் வட பகுதியில் பிறந்த கானாவும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடப்பட்ட பாட்டு அது. அதில் குடியைப் புகழ்வனவும் பெண்களை இழிவுபடுத்துவனவும் உண்டு. அவற்றை நம் பிள்ளைகள் கேட்க வேண்டா என்று பெற்றோர் கூறுவதில் நியாயம் உண்டு. ஆனால் பதரை நீக்கும்போது நெல்லையும் சேர்த்துக் கொட்டிவிடுவது உழவர் வழக்கமன்று. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு கானாவையும் பறையையும் மேலைநாட்டுக் கருவிகளையும் சேர்த்துச் சாதியொழிப்பைப் பாடியது. அதில் பாடிய இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடும் பெண்ணாகப் பெயர்பெற்று, 2020-இல் பி.பி.சி. நிறுவனம் தேர்ந்த நூறு பெண்களுள் ஒருவரானார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாட்டுப் பாட்டு நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவரே 'கித்தேரியம்மாள் அம்மானை'யையும் பாடினார். அம்மானை என்பது பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்து ஆடும்போது பாடிய பாட்டு வகை. இத்தாலியிலிருந்து வந்த அத்துறவி ஒரு புனிதையின் வரலாற்றைச் சொல்ல அவ்வடிவத்தைத் தேடி எடுத்தார். கோவாவிலிருந்து இலங்கைக்குச் சென்று தொண்டாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் அழுகைக் குரலில் இசைத்து வாசிக்கப்படுவது. மகனை இழந்த தாயின் துயரை உரைக்கத் தமிழ்ப் பெண்களின் புலம்பலினும் பொருத்தமான இசை வேறு ஏது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டும், ஒவ்வொரு மக்களினத்துக்கும் உரிய இசை மரபை மதித்து அதற்குத் தக்க இடம் அளிக்கவேண்டும் என்று 119-ஆம் எண்ணில் கூறுகிறது.

அம்மானையும் ஒப்பாரியும் உள்ளே வந்தன. பறை மட்டும் ஏன் வாசலில் நின்றது?

"அது சாவு மேளம்" என்பர் சிலர். தொல்காப்பியம் ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்தில் பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. உரையாசிரியர்கள் நெல்லரியும்போது முழங்கியது, மீன் பிடிக்கும்போது முழங்கியது, ஏறு தழுவும்போது முழங்கியது எனத் திணைதோறும் தனித்தனிப் பறைகளைக் காட்டுகின்றனர். பறை என்னும் சொல்லுக்கே 'சொல்லுதல்' என்று பொருள்; மலையாளத்தார் இன்றும் அச்சொல்லை அவ்வாறே வழங்குகின்றனர். பிறப்புக்கும் மணத்துக்கும் அறுவடைக்கும் ஒலித்த கருவியைச் சாவோடு மட்டும் கட்டிப்போட்டது பிற்கால வழக்கமே.

"அது மாட்டுத்தோல்" என்பர் வேறு சிலர். அங்ஙனமாயின் மிருதங்கம் எத்தோலால் ஆனது? மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இன்றி மிருதங்கம் இல்லை. பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் நூல் மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைக் கூறுகிறது. அவர்களுள் பலர் தலித் கிறித்தவர் என்பதைத் தலைப்பே சொல்லாமல் சொல்கிறது. பெரும் வித்துவான்கள் கையில் ஒலித்த கருவிக்குத் தோலை உரித்து, பதப்படுத்தி, நாதம் கூட்டித் தந்த கைகள் நம் சகோதரருடையவை! கச்சேரி மேடையில் அவர்கள் பெயர் ஒலித்ததில்லை. ஆகவே தோல் ஒரு காரணமன்று; அடிக்கும் கை யாருடையது என்பதே காரணம். இதனைக் கூறக் கத்தோலிக்கர் கூசலாகாது.

பறையைப் பற்றி அதை அடித்தோரே ஒரு மனத்தினராய் இருந்ததில்லை என்பதும் அறியத்தக்கது. ஊரார் கட்டளைக்குப் பணிந்து சாவுக்கு அடிப்பது அடிமைத்தனம் என்று கூறிக் கருவியைக் கீழே வைத்த ஊர்கள் பல. காட்டுமன்னார்கோயில் பகுதியில் இல. இளையபெருமாள் பறையடிப்பதை நிறுத்தும் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். அவர்கள் செய்ததில் பிழையில்லை. மறுக்க இயலாத வேலை கலையாகாது. பின்னர் அடுத்த தலைமுறையினர் அதே கருவியைத் தாமாக விரும்பிக் கையில் எடுத்தனர். கீழே வைத்ததும் மீண்டும் எடுத்ததும் ஒரே மானத்துக்காகத்தான். 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டபோது இவ்விரு தலைமுறையினரும் மகிழ்ந்திருப்பர்.

இம்மாற்றத்தில் திருச்சபையைச் சேர்ந்தோரின் பங்கு சிறிதன்று. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு ஐயர், 'பரட்டை அண்ணன்' என்று அழைக்கப்பட்டவர், நம் சபையினர் அல்லர். ஆனால் வழிபாடு முழுவதையும் கிராமத்து மெட்டில் அமைத்துக் காட்டியவர். பாமாலையும் கீர்த்தனையும் கற்ற குருமாணவர்களிடம், உழைப்பாளி தன் விருப்பப்படி மாற்றிப் பாடக்கூடிய இசையே அவனுக்கு விடுதலை தரும் என்று அவர் போதித்தார். எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் இட்டுச் சமைத்து உண்ணுவதை அவர் திருவிருந்தோடு இணைத்துப் பேசினார். 2005-இல் அவர் இறந்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா நடத்திவரும் சக்தி கலைக்குழுவோ நம் துறவியரின் முயற்சி. ஏழைத் தலித் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் அங்குத் தங்கித் தையல் முதலிய தொழில்களோடு பறையும் ஆட்டமும் கற்கின்றனர். ஆண்களே அடித்த பறையைப் பெண்கள் தோளில் மாட்டி நிமிர்ந்து நின்று அடிக்கும்போது, பார்ப்போருக்கு முதலில் திகைப்பே உண்டாகும். அமெரிக்க ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருக்கிறார். அப்பாவு ஐயரின் இசையைப் பற்றியும் 2014-இல் ஒரு நூல் எழுதினார். வெளிநாட்டார் வந்து படம்பிடிக்கும்வரை நாம் திரும்பிப் பாராதது நம் பழைய பழக்கம், அதை விடுங்கள்.

தமிழக ஆயர்கள் 2003 நவம்பரில் உரோமையில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலைச் சந்தித்தபோது, தலித் மக்களை எவ்விதத்திலும் ஒதுக்கிவைத்தலாகாது என்றும், கிறித்தவரிடையே சாதிச் சாயல் இருப்பதே நற்செய்திக்கு மாறான அடையாளம் என்றும் அவர் அறிவுறுத்தினார். இந்திய ஆயர் பேரவையும் 2016-இல் தலித் மக்கள் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. இவை வாசிக்கப்பட்டன. ஆனால் நம் ஊர்த் திருவிழாக்களில் என்ன நடக்கிறது? தேர்ப்பவனியின் முன்னே பறையடிப்போர் வியர்வை சொட்ட நடக்கின்றனர். தேர் நிலைக்கு வந்தவுடன் ஒலிபெருக்கியில் திருப்பலிப் பாடல் தொடங்கும். அவர்கள் மதிலுக்கு வெளியே மரத்தடியில் கூலிக்குக் காத்திருப்பர். திருவிழா மலரில் நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரும் அச்சாகும். பறையடித்தவர் பெயர் இராது. வரவு செலவுக் கணக்கில் 'மேளம்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவே.

திருப்பலிக்குள் எக்கருவி ஒலிக்கலாம் என்பது ஆயரின் அனுமதிக்கு உட்பட்டது. அதில் நாம் அவசரப்பட வேண்டுவதில்லை. காணிக்கைப் பவனியிலும் நன்றிப் பாடலிலும் பறை ஒலிக்கும் பங்குகள் தமிழகத்தில் இன்று உள்ளன. அனுமதி எதுவும் தேவைப்படாத காரியங்களைப் பங்குப் பேரவையும் அன்பியங்களும் இவ்வாண்டே செய்யலாம். அவர்கள் பெயரைக் கேட்டு மலரில் அச்சிடலாம். நம்மோடு ஒரே பந்தியில் உணவு பரிமாறலாம். கூலியை முன்னரே பேசி, உறையிலிட்டு, மேடையிலே அளிக்கலாம். நம் குடும்பங்களில் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் அறிந்த பாட்டிமார் யார் யார் என்று அன்பியம்தோறும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பேரப்பிள்ளைகளே கைப்பேசியில் பதிவு செய்யட்டும்; பதிவின் தொடக்கத்தில் பாட்டி தம் பெயரையும் ஊரையும் சொல்லட்டும்.

இன்னுமொன்று. பறை ஈரக் காற்றில் தளர்ந்துவிடும். அடிக்குமுன் தீயில் காய்ச்சினால்தான் நாதம் எழும். பல ஊர்களில் அதனைத் தெருவோரக் குப்பையைக் கொளுத்திக் காய்ச்ச விடுகின்றனர். வரும் திருவிழாவுக்குக் கோயில் வளாகத்தின் உள்ளேயே, பந்தலுக்குத் தீப்பொறி எட்டாத ஓரிடத்தை இதற்கென ஒதுக்கலாம். இரண்டு கட்டு வைக்கோல் போதும். வயல் குறைந்துவிட்ட நம் பக்கத்தில் அதற்கும் ஒரு வாரம் முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.