கைவினைப் பொழுதுகள் – 9: அவிழும் சங்கிலி

சென்ற வாரம் வட்டச் சட்டத்தில் செய்யப்படும் சாதாரண ஊசித் தையல் விளக்கப்பட்டது. இவ்வாரம் எடுத்துக்கொள்ளப்படும் ஆரி வேலை தமிழ்நாட்டில் இன்று மணப்பெண்ணின் ரவிக்கையோடு இறுகப் பிணைந்துவிட்டமையால், அதனைப் பிழைப்புக்கான தொழிலாக மட்டுமே காணும் வழக்கம் பரவியுள்ளது. பயிற்சி வகுப்புகளின் பலகைகளும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வருமானம் என்றுதான் அழைக்கின்றன. ஆயினும், இத்தையலின் அமைப்பை நுணுகி நோக்கினால், கெடு வைத்துத் தைத்துக் கொடுப்பவரைவிட ஓய்வு நேரத்தில் தமக்காகத் தைப்பவருக்கே அது மிகவும் இசைந்தது என்பது புலப்படும்.

ஆரி ஊசிக்குக் காது கிடையாது. மரக் கைப்பிடியில் செருகிய மெல்லிய எஃகுத் தண்டின் நுனியில் சிறு கொக்கி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். காட் எனப்படும் மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டியபின், வலக்கை மேலிருந்து ஊசியை இறக்க, துணிக்கு அடியில் காத்திருக்கும் இடக்கை நூலைக் கொக்கியில் மாட்டிவிட, ஊசி அந்நூலை ஒரு வளையமாக மேலே இழுத்து வருகிறது. அவ்வளையத்தின் உள்ளேயே, இம்மியளவு தள்ளி, ஊசி மீண்டும் இறங்கி அடுத்த வளையத்தை எடுக்கும்போது சங்கிலித் தையல் உருவாகிறது. புதிதாகக் கற்பவரைச் சோதிப்பது ஊசியை இறக்குவதன்று, ஏற்றுவதே. கொக்கியின் வாய் துணியின் இழையைக் கவ்விக்கொண்டால் ஊசி வர மறுக்கும். வலிந்து இழுத்தால் பட்டுத்துணியில் இழை பிரிந்து கோடு விழும். கைப்பிடியைச் சற்றே திருகி, தண்டின் முதுகுப்புறத்தால் துளையை அழுத்தி விரித்தபடி மேலே எடுக்கும் பக்குவம் விரல்களுக்குப் பிடிபட்டுவிட்டால், அதன்பின் கண்ணுக்கு வேலை குறைந்துவிடுகிறது.

இவ்வாறு ஒன்றன் வயிற்றில் ஒன்றாகப் பிறக்கும் வளையங்களுக்கு ஓர் இயல்பு உண்டு. இறுதி வளையம் பூட்டப்படாதவரை, நூலின் முனையைப் பிடித்து இழுத்தால், அரிசி மூட்டையின் வாய்த்தையல் பிரிவதைப் போல, வரிசை முழுவதும் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். தொழில் உலகம் இதனைக் குறையாகவே கருதிற்று. கச்சுப் பகுதியில் தோல் தைக்கும் மோச்சி சமூகத்தார் தங்கள் குத்தூசியைத் துணிக்கு மாற்றி வளர்த்த இக்கலை, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் சீமாட்டிகளிடையே பறை வடிவச் சட்டத்தில் செய்யப்படும் நாகரிகப் பொழுதுபோக்காகப் பரவியிருந்தது. பிரான்சில் பார்த்தெலெமி திமோனியே என்னும் தையற்காரர் இதே கொக்கி ஊசியின் இயக்கத்தை இயந்திரத்தில் அமைத்து 1830-இல் காப்புரிமை பெற்றார். அவ்வியந்திரம் தைத்ததும் அவிழக்கூடிய சங்கிலியைத்தான். பிறகு, மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்வும் பூட்டுத் தையலுக்கு அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற, வீட்டுத் தையல் இயந்திரம் அவ்வழியே சென்றது.

ஆடைத் தொழிலுக்குக் குறையாகப்பட்ட அதே இயல்பு பொழுதுபோக்காளருக்கு வரமாகிறது. சாதாரண ஊசித் தையலில் ஒரு பிழையை நீக்க ஒவ்வொரு தையலாகக் கத்தரித்துப் பிடுங்க வேண்டியிருக்க, ஆரியில் கோணிப்போன கொடியைக் கணப்பொழுதில் அவிழ்த்து, அதே நூலால் மீண்டும் தொடங்கலாம். முகூர்த்த நாளை நோக்கி ஓடுபவருக்கு இச்சலுகையால் பெரும்பயன் இல்லை. நேரத்தைத் தம் கையில் வைத்திருப்பவரே அதனை முழுமையாகத் துய்க்க இயலும்.

மணி பதிக்கும் நிலையில் இன்பம் இன்னும் கூடுகிறது. மெல்லிய ஊசியின் தண்டிலேயே மணிகளைக் கோத்துக்கொண்டு, கீழிருந்து எழும் நூலின்மேல் ஒவ்வொன்றாக நழுவவிட்டுத் தைப்பது இதன் முறையாதலால், மணியின் அளவைவிட அதன் துளையே முதன்மை பெறுகிறது. கண்ணாடி மணிகளின் அளவெண் கூடக்கூட மணி சிறுக்கும். 11ஆம் எண் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்க, 15ஆம் எண் அதனினும் நுண்ணியது. மலிவான பொட்டலங்களில் துளை அடைபட்டவையும் ஓரம் உடைந்தவையும் கலந்திருப்பதுண்டு. உடைந்த ஓரம் நாளடைவில் நூலை அறுத்துவிடுமாதலால், தட்டில் கொட்டிப் பொறுக்கி எடுப்பதும் வேலையின் ஒரு பகுதியே. அலுப்பூட்டும் இப்பொறுக்கலையே விரும்பிச் செய்வோரும் உளர்.

இம்மணிகளின் உற்பத்தி முறைக்குத் தமிழகத்துக் கடற்கரையோடு பழைய உறவுண்டு. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கும் முறையில் செய்த சின்னஞ்சிறு மணிகள், 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் பெருமளவில் கிடைத்தன. இத்தகையவற்றை ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இந்தோ-பசிபிக் மணிகள் என்று அழைத்தார். இன்று செக் நாட்டிலும் ஜப்பானிலும் இயந்திரத்தால் செய்யப்படும் நுண்மணிகளும் குழலாக இழுத்து நறுக்கும் அதே அடிப்படையில் உருவாகின்றவையே.

மாதிரிகளைப் பொறுத்தவரை, கடையில் விற்கும் மயிலும் மாங்காயும் தொடக்கநிலைக்குப் போதும் என்றாலும், அவை துண்டுதுண்டான கோடுகளால் ஆனவையாதலால் நூலை அடிக்கடி முடிந்து அறுக்க நேர்கிறது. ஒரே கோட்டில் ஓடி மூடும் சிக்குக் கோலம் இத்தையலுக்கு அதனினும் பொருத்தமானது. கோலத்தை டிரேசிங் தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் தேய்த்தால் துளைவழியே கோடு துணியில் இறங்கும். கோடு தன்னைத்தானே வெட்டிச் செல்லும் இடங்களில் சங்கிலி சற்றே புடைக்குமாகையால், அங்கே மெல்லிய நூலே நன்று. புள்ளிக்கு ஒரு மணி வைத்தால் புள்ளிக் கோலத்தின் கணக்கு துணியிலும் கெடாது.

கோடு தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்ந்ததும், கடைசி வளையத்தை அதன் வெளிப்புறத்தில் இறக்கும் ஒரு சிறு தையலால் பூட்டி, பின்புறம் முடிச்சிட வேண்டும். அதற்குமுன் சட்டத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுவது நலம். மேலே சீராகத் தெரியும் வரிசையின் கீழே நூல் தொங்கியிருந்தால், அதனை அவிழ்த்துத் திருத்துவதற்கு அதுவே கடைசி வாய்ப்பு.

(தொடரும்)